ரேடார் படமும் மேற்கோள் கணக்கும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குட்இயர் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் வைலி என்ற பொறியாளர் 1951இல் ஒரு யோசனையை முன்வைத்தார். பறக்கும் விமானத்திலிருந்து ரேடார் அலையைப் பக்கவாட்டில் அனுப்பினால், விமானத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் பொருளிலிருந்து திரும்பும் எதிரொலியின் அதிர்வெண் கொஞ்சம் கூடியிருக்கும்; பின்தங்கிவிட்ட பொருளின் எதிரொலியில் கொஞ்சம் குறைந்திருக்கும். டாப்ளர் விளைவு என்று பள்ளிப் பாடத்திலேயே வருகிற விஷயம்தான். இந்த நுண்ணிய வேறுபாட்டைப் பிரித்தெடுத்தால் ஒரே அலைக்கற்றைக்குள் அடங்கும் பொருள்களையும் தனித்தனியாக அடையாளம் காணலாம் என்றார் வைலி. ஏறத்தாழ அதே காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு ஒன்றும் தனியே இதே வழிக்கு வந்து சேர்ந்தது. மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் பூமியைப் படமெடுக்கும் இன்றைய ‘செயற்கைத் துளை ரேடார்’களின் தொடக்கம் இது. வைலி 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1965இல்தான் கிடைத்தது. ராணுவப் பயன்பாட்டுக்கான வேலை என்பதால் பொதுவெளியில் அவர் இதைப் பற்றி எழுதியது மிகச் சொற்பம். சூரிய ஒளியின் அழுத்தத்தைக் கொண்டே விண்கலத்தைச் செலுத்தலாம் என்று அதே 1951இல் ஓர் அறிவியல் புனைகதை இதழில் புனைபெயரில் எழுதியவர் அவர்; எழுதத் தெரியாதவரோ எழுதத் தயங்குகிறவரோ அல்லர். ஆனால் செயற்கைத் துளை ரேடாரைப் பற்றிய அவருடைய அறியப்பட்ட கட்டுரை 1985இல், அவர் மறைந்த ஆண்டில்தான், வெளிவந்தது. அதுவும் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் சில பக்கக் கட்டுரை.

அவர் திறந்துவிட்ட வழி எவ்வளவு பெரியது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 1978 ஜூனில் நாசா ஏவிய சீசாட் செயற்கைக்கோள் சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. அதன் ரேடார் அலைநீளம் 23.5 சென்டிமீட்டர், ஆன்டெனாவின் நீளம் 10.7 மீட்டர். அந்த ஆன்டெனா தரையில் விழவைக்கும் கற்றையின் அகலம் ஏறத்தாழ 17 கிலோமீட்டர். அதாவது, அதை அப்படியே பயன்படுத்தினால் ஒரு நகரம் முழுக்க ஒரே புள்ளியாகத்தான் தெரியும். தரையில் 25 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஏழரைக் கிலோமீட்டர் நீள ஆன்டெனா தேவை. அப்படி ஒன்றை யாரும் விண்ணுக்கு அனுப்ப முடியாது. செயற்கைக்கோள் நகர நகர வந்து சேரும் எதிரொலிகளைச் சேமித்து, அவற்றைக் கணக்கில் கோத்தால், அந்த நீளத்தைக் கணிதமே உண்டாக்கித் தந்துவிடும். சீசாட் 25 மீட்டர் நுட்பத்தில் படம் கொடுத்தது இப்படித்தான்.

ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை அவருடைய கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களைக் கொண்டு கணிக்கும் இன்றைய முறையில் வைலியை நிறுத்தினால் அவர் பெறும் மதிப்பெண் மிகக் குறைவு. யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை எழுதியபோது, ஒரு கருத்து எங்கெல்லாம் எடுத்தாளப்பட்டது, எங்கே மறுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவியாகத்தான் அதை முன்வைத்தார். அரை நூற்றாண்டில் அது ஆளை எடைபோடும் தராசாக மாறிவிட்டது. 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் எச்-குறியீட்டைத் தந்தார். குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஒருவரிடம் 20 இருந்தால் அவருடைய குறியீடு 20. ஒரு வாழ்நாள் உழைப்பு ஒற்றை எண்ணில் அடங்கிவிடுகிறது. ரேடார் படவியல் என்ற ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த எண் உண்மையில் எதை அளக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. ஒருவர் செய்து கொடுத்ததைப் பிறர் எவ்வளவு எளிதாகக் கையிலெடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் முடிந்தது, அதற்கான தரவு அவர்களுக்கு எப்போது கிடைத்தது என்ற இரண்டையும்தான் அது அளக்கிறது என்பது என் வாதம். கண்டுபிடிப்பின் ஆழத்தோடு அதற்கு உள்ள உறவு தற்செயலானது.

இதற்கு ஒரே மனிதருக்குள் கிடைக்கும் சான்று எம்மெட் லீத். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்லோ ரன் ஆய்வுக்கூடத்தில் 1950களில் ரேடார் பதிவுகளைப் படமாக மாற்றும் வேலை அவருடையது. அன்றைய கணினிகளுக்கு அந்தக் கணக்கு தாங்காது. எனவே எதிரொலிகளை ஃபிலிமில் பதிந்து, அதன் வழியே ஒளியைச் செலுத்தி, லென்ஸ்களைக் கொண்டே கணக்கைப் போட்டார்கள். இந்த வேலையின் போக்கில் லீத், ஹோலோகிராம் என்று நாம் இன்று அறியும் உத்திக்கு வந்து சேர்ந்தார். டென்னிஸ் காபோர் 1948இலேயே அதை வேறு வழியில் கண்டுபிடித்திருந்தார் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது. யூரிஸ் உபட்னியெக்ஸோடு சேர்ந்து 1962இல் லீத் எழுதிய ஹோலோகிராம் கட்டுரை ஒளியியலில் அழியாத இடம் பெற்றது. அதற்குத் தாயான ரேடார் வேலையோ நெடுங்காலம் ரகசியக் குறிப்புகளில் கிடந்தது; வில்லோ ரன் குழுவினர் ரேடாரைப் பற்றி வெளியிட்ட கட்டுரைகளில் முக்கியமான ஒன்று 1966இல்தான் வந்தது. மூளை ஒன்று, கணிதம் ஒன்று, ஆய்வுக்கூடமும் ஒன்று. ஒரு பாதி உலகறிய மேற்கோள் காட்டப்பட்டது. மறுபாதிக்குக் கணக்கே இல்லை. இந்த வேறுபாட்டை உண்டாக்கியது லீத்தின் திறமை அல்ல என்பது வெளிப்படை.

இனி, இத்துறையில் ஆயிரக்கணக்கான மேற்கோள்களைச் சேர்த்த கட்டுரைகள் எப்படிப்பட்டவை என்று பார்ப்போம். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பணியாற்றிய ஜோங்-சென் லீ 1980இல் எழுதிய கட்டுரை, படத்தின் இரைச்சலைக் குறைக்கும் ஒரு வடிகட்டியைத் தந்தது. ரேடார் படம் எதுவானாலும் உப்பும் மிளகும் தூவியது போன்ற புள்ளி இரைச்சலோடுதான் வரும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள சிறு சதுரத்தில் சராசரியும் சிதறலும் எவ்வளவு என்று பார்த்து, சீரான வயல்வெளியாக இருந்தால் நன்றாகச் சமப்படுத்து, கட்டட விளிம்பாக இருந்தால் கை வைக்காதே என்பதுதான் அதன் சாரம். நிரலாகச் சில வரிகளில் எழுதிவிடலாம். இதே வகை இரைச்சல் மருத்துவ அல்ட்ராசவுண்ட் படங்களிலும் உண்டு என்பதால் ரேடாரையே தொடாதவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். புதிதாக வடிகட்டி செய்கிறவர் ஒவ்வொருவரும் தன்னுடையது லீயினுடையதைவிட மேல் என்று காட்டியாக வேண்டும்; காட்டும்போதெல்லாம் லீக்கு ஒரு மேற்கோள் சேரும். இது எந்த வகையிலும் அந்தக் கட்டுரையின் மதிப்பைக் குறைக்காது. எளிமையும் பயனும் ஒருசேர அமைந்த உயர்ந்த பொறியியல் அது. ஆனால் எண் பெருகிய காரணம் அதன் பயன்படுதன்மை என்பதை மறுக்க முடியாது.

இன்னும் நுணுக்கமான ஒரு காரணம் ரேடார் போலரிமெட்ரி என்ற கிளையில் தெரிகிறது. 1998இல் ஆண்டனி ஃப்ரீமன், ஸ்டீஃபன் டர்டன் இருவரும் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். திரும்பி வரும் அலையை மூன்று பங்காகப் பிரிக்கலாம் என்றார்கள்: வெறும் தரையில் பட்டுத் திரும்பியது, தரையிலும் சுவரிலுமாக இரண்டு முறை மோதித் திரும்பியது, காட்டின் இலை கிளைகளுக்குள் அலைந்து திரும்பியது. அழகான, கையாள எளிய மாதிரி. ஆனால் அதில் குறைகளும் உண்டு. சில இடங்களில் ஒரு பங்கின் ஆற்றல் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். இயற்பியலில் அதற்குப் பொருளே கிடையாது. ரேடாரின் பார்வைத் திசைக்குக் கோணலாக நிற்கும் கட்டடங்களைக் காடு என்று காட்டும். இந்தக் குறைகளைத் திருத்த அடுத்தடுத்துக் கட்டுரைகள் வந்தன. 2005இல் யமகுச்சி குழுவினர் நான்காவது பங்கு ஒன்றைச் சேர்த்தனர். அதைத் திருத்த வேறு பல வந்தன. திருத்தியவர் ஒவ்வொருவரும் முதல் கட்டுரையைக் குறிப்பிட்டே தொடங்க வேண்டியிருந்தது. குறையற்ற ஒரு முறை எல்லோருக்கும் பொதுச்சொத்தாகிப் பெயரை இழந்துவிடுகிறது; திருத்த இடம் தரும் முறையோ மேற்கோளைத் தொடர்ந்து ஈர்க்கிறது. அறிவு முழுமையாக உள்வாங்கப்படும்போது அதன் உரிமையாளர் மறைந்துபோவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் நெடுங்காலம் முன்பே சுட்டிக்காட்டியிருக்கிறார். இதற்கு ரேடார் துறையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கனடாவின் வான்கூவரில் உள்ள மெக்டொனால்டு டெட்வைலர் நிறுவனத்தார் 1978இல் சீசாட் பதிவைக் கணினியிலேயே படமாக்கிக் காட்டினார்கள். இன்று ரேடார் படத்தை இறக்கிப் பயன்படுத்தும் மாணவர் அந்தப் படம் உருவாகக் காரணமான கணக்குமுறையை மேற்கோள் காட்ட வேண்டும் என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. படம் வந்துவிட்டது, வந்த வழி மறந்துவிட்டது.

தரவு கிடைப்பதன் பங்கை நிலத்தசைவு அளவீட்டில் தெளிவாகக் காணலாம். ஒரே இடத்தை இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்த ரேடார் படங்களின் அலைக்கட்டத்தை ஒப்பிட்டால், இடையில் தரை எவ்வளவு அசைந்தது என்று சென்டிமீட்டர் கணக்கில் சொல்லலாம். இன்டர்ஃபெரோமெட்ரி என்று இதற்குப் பெயர். சீசாட் சுமார் 105 நாட்கள்தான் வேலை செய்தது. மின்கோளாறால் 1978 அக்டோபரில் ஓய்ந்துவிட்டது. அது விட்டுச்சென்ற பதிவுகளை வைத்து கேப்ரியல், கோல்ட்ஸ்டைன், ஸெப்கர் மூவரும் 1989இல், அதாவது 11 ஆண்டுகள் கழித்து, கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பாசனம் பாய்ந்த வயல்களின் மண் ஈரத்தில் உப்பியதை அளந்து காட்டினார்கள். அடிப்படைக் கருத்து முழுக்க அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. ஆனால் அப்போது வேறு யாரும் உடனே அதைச் செய்து பார்க்க வானத்தில் தகுந்த செயற்கைக்கோள் இல்லை. 1991 ஜூலையில் ஐரோப்பாவின் ஈ.ஆர்.எஸ்.-1 ஏவப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 28 அன்று கலிஃபோர்னியாவின் லாண்டர்ஸில் 7.3 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. பிரான்ஸின் துலூஸ் நகரிலிருந்து திதியே மாசொனே குழுவினர் முன்னும் பின்னுமான படங்களை ஒப்பிட்டு, பிளவைச் சுற்றி வளையம் வளையமாகத் தரை அசைந்த கோலத்தை வரைந்தனர். ஒரு வளையம் என்பது தரை ரேடாரை நோக்கியோ விலகியோ 2.8 சென்டிமீட்டர் நகர்ந்ததைக் குறிக்கும். 1993 ஜூலையில் ‘நேச்சர்’ இதழின் அட்டையில் அந்தப் படம் வந்தது. புவியியலாளர்கள் இத்துறைக்குள் திரண்டு வந்தது அதற்குப் பிறகுதான். அவர்கள் எழுதிய கட்டுரைகளில் 1989ஆம் ஆண்டுக் கட்டுரையும் மேற்கோளாகச் சேர்ந்தது. அதை எழுதியவர்களின் திறமை நான்காண்டில் வளர்ந்துவிடவில்லை. வானத்தில் ஒரு செயற்கைக்கோள் வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த பெரிய பாய்ச்சல் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில். ஃபெரெத்தி, பிராத்தி, ரொக்கா ஆகியோர் 2001இல் வெளியிட்ட கட்டுரை, படம் முழுவதையும் அளக்கும் ஆசையை விட்டுவிட்டு, பல ஆண்டுகளாக எதிரொலி மாறாத தனிப் புள்ளிகளை மட்டும் பொறுக்கி எடுக்கச் சொன்னது: ஒரு கட்டட மூலை, ஒரு பாறை, ஓர் இரும்புத் தூண். அந்தப் புள்ளிகளின் நகர்வை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வரை கணக்கிட முடிந்தது. இதற்குக் காப்புரிமையும் இருந்தது, பெயருக்கு வணிகக் குறியும் இருந்தது. அதனால் மற்றக் குழுக்கள் சற்றே மாறிய பெயரில் சற்றே மாறிய முறைகளைக் கட்டினார்கள். எரிமலைச் சரிவுகள் போன்ற கட்டடமில்லாத நிலத்துக்கு ஆண்ட்ரூ ஹூப்பர் 2004இல் ஒரு முறையைத் தந்து, அதன் மென்பொருளையும் பொதுவில் வைத்தார். 2014 ஏப்ரலில் சென்டினல்-1ஏ ஏவப்பட்டு, 12 நாட்களுக்கு ஒருமுறை எடுத்த படங்கள் யாருக்கும் இலவசம் என்றானதும் நிலைமை தலைகீழானது. அதுவரை ஒரு படத்துக்குக் கட்டணமும் அனுமதியும் தேடியவர்கள், நூறு படங்களை ஒரே இரவில் இறக்கிக்கொண்டார்கள். 2001ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு வரிகூட மாறவில்லை. அதைப் பயன்படுத்தக்கூடியவர்களின் கூட்டம் பெருத்துவிட்டது.

மேற்கோள் எந்தத் தருணத்தில் எழுதப்படுகிறது என்பதையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நிலத்தாழ்வு பற்றிய ரேடார் கட்டுரைகளின் முதல் பத்தி பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும்: “ரேடார் இன்டர்ஃபெரோமெட்ரி நிலநடுக்கம், எரிமலை, நிலச்சரிவு, நிலத்தாழ்வு ஆகியவற்றைக் கண்காணிக்கப் பரவலாகப் பயன்பட்டு வருகிறது [1]–[8].” இந்த ஒரு வாக்கியத்தில் எட்டுக் கட்டுரைகளுக்கு எட்டு மேற்கோள்கள். எழுதியவர் அந்த எட்டையும் படித்திருக்கலாம். முந்தைய கட்டுரையிலிருந்து வரிசையோடு எடுத்திருக்கலாம். அதே கட்டுரையின் நடுவில், “அலைக்கட்டத்தை விரித்தெடுக்க இந்த முறையைக் கையாண்டோம் [14]” என்று ஒரு வரி வரும். அந்தப் பதினான்காம் எண் இல்லாவிட்டால் முழு ஆய்வும் இல்லை. கணக்கெடுக்கும் தரவுத்தளத்துக்கு இரண்டும் ஒன்றே. 1975இல் மொராவ்சிக், முருகேசன் இருவரும் கோட்பாட்டு இயற்பியல் கட்டுரைகள் சிலவற்றைப் பிரித்து ஆராய்ந்தபோது, மேற்கோள்களில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு ஒப்புக்குச் சொன்னவை என்று கண்டார்கள். ரேடார் துறைக்கு அதே விகிதம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேற்கோள்களுக்குள் தரம் பிரிக்காமல் கூட்டுவது தவறு என்பதற்கு அந்த ஆய்வே போதும்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. வைலியும் லீத்தும் பனிப்போர்க் கால ரகசியத்தின் பலிகள், விதிவிலக்குகள், அவர்களைக் கொண்டு பொதுவிதி செய்யக்கூடாது என்பது ஒன்று. ரகசியம் போய்விட்டது உண்மைதான். ஆனால் கட்டுரையாக மாறாத உழைப்பு போகவில்லை. ஆன்டெனாவின் அளவுதிருத்தம், கருவியின் வெப்ப நடத்தை, சுற்றுப்பாதையைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் கணிப்பது, கோடிக்கணக்கான பதிவுகளைப் பிழையின்றிச் சேமித்துத் தருவது ஆகியவை இன்றும் குழுவேலைகளாக, உள் அறிக்கைகளாகவே முடிகின்றன. துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் வேறுபடும் என்பதால் துறைச் சராசரியால் வகுத்துவிட்டால் போதும் என்பது இன்னொரு மறுப்பு. ரேடார் படவியலை எந்தத் துறையில் வைப்பது? மின்பொறியியலா, புவி இயற்பியலா, தொலையுணர்வா, கணிதமா? லாண்டர்ஸ் கட்டுரை ‘நேச்சர்’ இதழில் இருக்கிறது, மிலான் கட்டுரை ஐ.இ.இ.இ. இதழில் இருக்கிறது, இரண்டும் ஒரே மேசையில் ஒரே மாணவர் படிப்பவை. எந்தச் சராசரியால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுமானால், அந்த விடையில் துல்லியம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

மிகக் கனமான மறுப்பு மூன்றாவது. எண்ணை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆட்களின் அபிப்பிராயம். நம் நிறுவனங்களில் அபிப்பிராயம் என்பது சிபாரிசாக, சாதியாக, குருவின் செல்லப்பிள்ளைக்கான சலுகையாக எவ்வளவு எளிதில் இறங்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆதரிப்பார் யாருமில்லாத ஒரு கல்லூரி ஆசிரியருக்கு, “என் கட்டுரையை உலகத்தில் இத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள்” என்று காட்ட ஓர் எண் இருப்பது பெரிய பாதுகாப்பு. இந்த வாதத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அதனால்தான் மேற்கோளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசிரியரைக் காப்பது எண்ணின் அளவல்ல. எண்ணுக்குப் பின்னால் யாரும் திறந்து சரிபார்க்கக்கூடிய சான்று இருப்பதுதான். யார் எடுத்தாண்டார்கள், எதற்காக, அது இல்லாமல் அவர்கள் வேலை நடந்திருக்குமா என்பவை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் திறந்தால் தெரியும். சிபாரிசை வெல்வது அந்த வெளிப்படையான விசாரணைதான். வெறும் எண்ணையோ செல்வாக்குள்ளவர்களே எளிதில் பெருக்கிக்கொள்ள முடிகிறது: தம் மாணவர்களை மேற்கோள் காட்டச் சொல்லலாம், தம்மையே காட்டிக்கொள்ளலாம், ஒரே வேலையை நான்கு கட்டுரையாக வெட்டலாம். 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனமும் 2015இல் லைடன் அறிக்கையும் அடிப்படையில் இதைத்தான் கேட்டன: எண் நிபுணரின் தீர்ப்புக்குத் துணைநிற்கட்டும், தீர்ப்பாகவே ஆகிவிட வேண்டாம்.

இந்தியாவுக்கு இது இப்போது அவசரமான விஷயம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நைசார் ஏவப்பட்டது. அதன் எல்-அலைவரிசை ரேடார் நாசாவினுடையது. எஸ்-அலைவரிசை ரேடார் இஸ்ரோவின் அகமதாபாத் மையத்தில் உருவானது. 12 மீட்டர் விட்டமுள்ள வலைத்தட்டு ஆன்டெனாவை விரித்துக்கொண்டு 12 நாட்களுக்கு ஒருமுறை உலகின் நிலப்பரப்பை அளக்கும் அந்தச் செயற்கைக்கோளின் தரவு எல்லோருக்கும் திறந்தது. வரும் ஆண்டுகளில் அதிலிருந்து ஏராளமான கட்டுரைகள் பிறக்கும். நிலத்தடி நீர் வற்றித் தாழும் நகரங்கள், இமயப் பனிப்பாறைகள், நெல்வயலின் வளர்ச்சி என்று தலைப்புகள் காத்திருக்கின்றன. அவற்றுக்கு மேற்கோளும் குவியும். அந்த ரேடாரின் மின்சுற்றுகளைப் பல ஆண்டுகள் சோதித்த பொறியாளருக்கு அதில் எத்தனை வந்து சேரும்? நம் உயர்கல்வி நிறுவனங்களை வரிசைப்படுத்தும் தேசியத் தரவரிசையில் காப்புரிமைக்கு இடமுண்டு. ஆனால் கட்டுரை எண்ணிக்கைக்கும் மேற்கோளுக்கும் உள்ள பங்கு அதைவிடப் பெரிது. கருவி செய்யும் ஆசை உள்ள இளைஞர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, இலவசத் தரவை இறக்கி ஏற்கெனவே உள்ள முறையில் சின்னத் திருத்தம் செய்து கட்டுரை எழுதுவதே பிழைக்கும் வழி என்று முடிவெடுத்தால் அவரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

தேர்வுக் குழுக்களிலும் பதவி உயர்வுக் குழுக்களிலும் உட்காரும் பேராசிரியர்களிடம் கேட்பது இதுதான். ரேடார் துறையிலிருந்து ஒருவர் வந்தால், அவருடைய மிகச் சிறந்த மூன்று பங்களிப்புகளைக் கேளுங்கள்; அவை கட்டுரையாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்காதீர்கள். கருவி, மென்பொருள், அளவுதிருத்த அறிக்கை, காப்புரிமை எதுவானாலும் யார் பயன்படுத்துகிறார்கள் என்ற சான்றோடு வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கோள் பட்டியலைக் கொடுத்தால் அதிலிருந்து பத்துக் கட்டுரைகளைத் திறந்து, அவருடைய பெயர் முதல் பத்தியின் கூட்டத்தில் நிற்கிறதா, ஆய்வின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.